வாசலில் நின்ற கை

நான் ஓய்வு பெற்று இரண்டு தீபாவளி கழிந்த பிறகு, போன கார்த்திகையில், பழைய துறையிலிருந்து கூப்பிட்டார்கள். கண்ணில் மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்று புதிதாக வந்திருக்கிறதாம். பக்கவாதம் வந்தவர்கள் அதை மாட்டிக்கொண்டால் அதற்குள் தெரியும் தோட்டத்தில் நின்று ஆப்பிள் பறிக்கலாம், வரும் பந்தைத் தடுக்கலாம். நானும் மாட்டிக்கொண்டு நாலு ஆப்பிள் பறித்தேன். நன்றாகத்தான் இருந்தது. பழம் பறித்த கைக்கு வெள்ளை உறை போட்டிருந்தார்கள்.

"நீங்க இருந்தப்ப கண்ண மூடச் சொல்லியே கைய அசைய வச்சீகளாமே மேடம். அதை எழுதிக் குடுங்க, ஆண்டு மலருக்கு வேணும்" என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஆகவே இது.

தேதி போடாமல் எழுதுவது எனக்கு உப்பில்லாமல் சாப்பிடுவது போல. சிவகாசியில் அச்சான தினசரி காலண்டரில் கிழிக்கும் தாள்களை எங்கள் வீட்டில் நான் எறியவிட்டதில்லை. அவற்றின் முதுகில் மழை, விருந்தாளி, படித்து முடித்த புத்தகம், அன்று யாருடைய விரல் அசைந்தது எல்லாம் எழுதி நூலில் கோத்து வைப்பேன். ஆனால் இங்கே ஊரையும் ஆண்டையும் சேர்த்துச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆதலால் பெயர்களை மாற்றிவிட்டேன், ஆண்டை விட்டுவிட்டேன். மாதங்களை மட்டும் இருந்தபடியே வைத்திருக்கிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பாவும் அம்மாவும் மிஷன் பள்ளி ஆசிரியர்கள், அக்கா நர்ஸ். வீட்டில் நான் மட்டும் இயன்முறை சிகிச்சை படிக்கப் போனேன். அந்தப் பெயரைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கியே ஒரு வருடம் போயிற்று. எலும்புகளையும் தசைகளையும் மனப்பாடம் செய்தேன். வேலைக்கு வந்து பல வருடங்கள் மூட்டு வலிக்கு மெழுகு ஒத்தடம் கொடுத்தேன், கட்டுப் பிரித்த முழங்கைகளை நீட்டி மடக்கினேன். பக்கவாதக்காரர்களுக்கும் அதேதான். படுத்திருப்பவரின் கையை நாம் தூக்க வேண்டும், இறக்க வேண்டும், வீட்டார் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு போக வேண்டும்.

பிறகு தேவசகாயம் சார் எங்கள் பகுதிக்குத் தலைமையாக வந்தார். உயரமான ஆள், ஆனால் நோயாளியின் கட்டிலுக்கு முன்னால் குட்டை ஸ்டூலில்தான் உட்காருவார். அண்ணாந்து பார்த்துத்தான் பேசுவார். "கையத் தொடலாமா?" என்று கேட்காமல் வராத கையைத் தொடமாட்டார். எதிர்க்கட்டிலில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். கை கேட்கும் என்பது போல ஒரு கணம் பொறுத்துத்தான் தொடுவார். 'செத்த கை' என்று யாராவது சொன்னால் மட்டும் அவர் குரல் மாறும்.

"கை வரலைன்னு சொல்லுங்க. வராதது நாளைக்கு வரலாம். செத்தது வராது."

மனத்தில் செய்து பார்க்கும் பயிற்சியை எங்களுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். ஓர் அசைவை உண்மையாகச் செய்யும்போது மூளையில் வேலை செய்யும் இடங்களில் பலவும், அதே அசைவை உள்ளிருந்து நினைக்கும்போதும் வேலை செய்கின்றன. கைக்குப் போகும் பாதை அடைபட்டிருந்தாலும் புறப்படுகிற இடத்தைச் சும்மா இருக்கவிடாமல் வைத்திருக்கலாம். நான் பிற்பாடு தேடிப் படித்த புத்தகங்கள் இதைப் பல பக்கங்களில் சொல்லின. சார் சொன்னது இந்த இரண்டு வரிதான்.

ஆனால் செய்யும் முறையில் அவர் ஒன்றையும் குறைக்கவிடமாட்டார். முதலில் மின்விசிறியை நிறுத்துவார். விருதுநகர் வெயிலில் அதற்கே பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். காற்று தோலில் பட்டால் நினைப்பு கலைந்துவிடும் என்பார். நோயாளி கண்ணை மூடியதும் கையைப் பற்றிப் பேசமாட்டார். "எங்கன இருக்கீங்க? காலுக்குக் கீழ என்ன இருக்கு, மண்ணா சிமெண்டா?" என்றுதான் தொடங்குவார். இடத்தில் ஆள் நன்றாக ஊன்றிய பிறகே கைக்கு வருவார். தன்னைத் தானே தூரத்திலிருந்து பார்ப்பது போல நினைக்கக்கூடாது, தன் கண்ணாலேயே தன் கையைப் பார்க்க வேண்டும். வேலையைத் தொடங்கும்போது நல்ல கையின் விரலால் கட்டிலில் ஒரு தட்டு, முடிக்கும்போது ஒரு தட்டு. நிஜத்தில் அந்த வேலைக்கு ஆகும் நேரம்தான் நினைப்பிலும் ஆக வேண்டும். பட்டென்று முடிந்தால் ஆள் தாவிப் போகிறார், இழுத்தால் எங்கோ மாட்டியிருக்கிறார். பிறகு, "என்ன கனம் இருந்துச்சு? சூடா, குளிர்ச்சியா?" என்று விசாரிப்பார். அது முடிந்த கையோடு, ஆறவிடாமல், நிஜப் பயிற்சி. பயிற்சியில் அவருக்குத் திருப்தி வந்தால் தாமே எழுந்து போய் மின்விசிறியைப் போடுவார். பாராட்டு என்று அவரிடமிருந்து எங்களுக்குக் கிடைத்தது அந்தக் காற்றுதான்.

எல்லாருக்கும் இது பலித்தது என்று எழுதினால் பொய். மல்லாங்கிணற்றிலிருந்து வந்த, வெள்ளாமை செய்யும் ஒரு சம்சாரியைக் கிணற்றடியில் தண்ணீர் குடிப்பதாக நினைக்கச் சொன்னோம். வேப்பமர நிழல், காலுக்குக் கீழே ஈர மண் என்று சார் சொல்லிக்கொண்டு வந்தார், அவர் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டார். எழுப்பியதும், "நல்ல தூக்கம் சார், நாளைக்கும் வாரேன்" என்றார். அச்சகத்தில் இயந்திரத்துக்குத் தாள் கொடுத்துக்கொண்டிருந்த இன்னொருவருக்குத் தன் கையைச் சினிமாப் படம் போல வெளியிலிருந்துதான் பார்க்க முடிந்தது. கடைசிவரை உள்ளே போக வரவில்லை. அவரை வழக்கமான பயிற்சிக்கே மாற்றினோம்.

பேச்சியம்மாள் ஓர் ஆடி மாதம் எங்களிடம் வந்தார். விஸ்வநத்தத்துக்காரர், ஐம்பதை ஒட்டிய வயது. பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிற வேலை. சின்ன வெடிகளின் திரிகளை நூலோடு சேர்த்துப் பின்னிப் பின்னிச் சரவெடியாக்க வேண்டும். ஆனி மாதம், ஆர்டர் குவிகிற சீசனில், காலையில் பல் விளக்கும்போது வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலும் மெல்லத் தேறி, மகள் முத்துலட்சுமியின் தோளைப் பிடித்து நடந்து வந்தார். வலது கை மட்டும் மார்போடு மடங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகியிருந்தன.

"என்ன வேணும் உங்களுக்கு?" என்று சார் கேட்டார். எல்லாரிடமும் கேட்பதுதான். நடக்கணும், வேலைக்குப் போகணும் என்பார்கள். பேச்சியம்மாள் மகளை வெளியே போகச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"இவளுக்குத் தையில கல்யாணம் சார். திருத்தங்கல்லு மாப்பிள்ளை. மறுவீட்டு விருந்துல சம்பந்தியம்மாவும் நானும் ஒரே பந்தியில உக்காரணும். நான் எடக்கையால திங்கறதை அவுக பாக்கக் கூடாது. அன்னைக்கி ஒரு நேரம் என் சோத்துக் கையால சாப்பிட்டாப் போதும். பெறகு அது வந்தா வருது, போனாப் போகுது."

"இப்ப எப்படிச் சாப்பிடுறீங்க?"

"கதவைச் சாத்திக்கிட்டு."

அதற்குப் பிறகு முத்துலட்சுமி என்னிடம் தனியாகச் சொன்னாள். அம்மா ஊட்டிவிடவும் விடுவதில்லை, இடது கையால் இரண்டு வாய் அள்ளிப் போட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறார். ஜாக்கெட்டுகள் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டன. கல்யாணத்தைத் தள்ளிப் போடலாம் என்றால் ஒரேயடியாக மறுக்கிறார்.

கைப்பிடி தடித்த கரண்டி ஒன்று எங்களிடம் உண்டு. நான் அதைக் காட்டினேன்.

"கரண்டி வச்சு சோறு திங்க நான் என்ன ஆஸ்பத்திரி கேஸா?"

"பெறகு எங்கன இருக்கீக, கல்யாண மண்டபத்துலயா?" என்றார் எங்கள் வார்டு உதவியாளர் சவரியம்மாள். இருவருக்கும் ஒரே வயது. அன்று முதல் ஒருவரை ஒருவர் சீண்டாத நாள் இல்லை.

சாப்பிடுவதை நினைக்கச் சொன்னால் பேச்சியம்மாளுக்கு அழுகை வந்தது. ஆகவே சார் அவர் கைக்கு நன்றாகத் தெரிந்த வேலையை எடுத்தார். கம்பெனிக்குப் போங்கள், உங்கள் இடத்தில் உட்காருங்கள், ஒரு முழம் சரம் பின்னுங்கள். ஒரு முழத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டு வைத்துக்கொண்டார். மின்விசிறி நின்றது. பேச்சியம்மாள் கண்ணை மூடினார். வெறும் கால், பெருக்கின தரை, வேம்பு, எல்லாம் சரியாகச் சொன்னார். இடது விரலால் ஒரு தட்டுத் தட்டினார். அடுத்த தட்டு வரவேயில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு நாங்களே நிறுத்தினோம்.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். "பின்னுனீங்களா?" என்றால், "ம்" என்பார். முகம் மட்டும் வியர்த்திருக்கும். ஆவணி பிறந்துவிட்டது. விரல்கள் முன்பைவிட இறுகியிருந்தன. இவருக்கும் வழக்கமான பயிற்சியே போதும் என்று நான் நினைத்தேன்.

ஆனால் ஒரு நாள், பயிற்சியின் நடுவே, சார் ஸ்டூலை இன்னும் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பேச்சியம்மா, கண்ணைத் திறக்காதீங்க. இப்ப எங்கன இருக்கீங்க?"

"வாசல்ல சார்."

"எந்த வாசல்?"

"எங்க ரூம் வாசல்."

"உள்ள போகலையா?"

"போகலை."

"நேத்து?"

"நேத்தும் வாசல்லதான் நின்னேன். நீங்க கோவிப்பீகன்னு சொல்லலை."

"யாரு நிப்பாட்டுறா?"

"யாரு நிப்பாட்டுவா? தகடு தொடாம எப்படி உள்ள போக?"

எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். பட்டாசு அறைகளின் வாசலில் செம்புத் தகடு பதித்து, அதிலிருந்து மண்ணுக்குக் கம்பி இறக்கியிருப்பார்கள். உடம்பில் தேங்கிய மின்சாரம் ஒரு பொறியாகத் தெறித்தால் மருந்து பிடித்துக்கொள்ளும். அதனால் உள்ளே போகிற ஒவ்வொருவரும் உள்ளங்கையை விரித்துத் தகட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். பேச்சியம்மாளின் கம்பெனியில் போர்மேன் பக்கத்தில் நின்று, "தொட்டாச்சா?" என்று கேட்பாராம். "தொட்டாச்சு" என்றால்தான், "உள்ள போ". இருபது வருடத்துக்கு மேல் தினமும் இதைச் செய்திருக்கிறார். நாங்கள் சொல்லிக்கொடுத்த காட்சியில் தரை இருந்தது, வேம்பு இருந்தது, தகடு இல்லை.

"சரி, தொடுங்க" என்றார் சார்.

"கை எந்திரிக்க மாட்டேங்குது சார். நினைப்புலயும் மடங்கியேதான் இருக்கு."

"இடது கையால தொடலாமே?"

"வெடி ரூமுக்குள்ள எடக்கைய வச்சா நுழையறது? நல்லாருக்கே."

சவரியம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தார். "அட, கண்ண மூடிக்கிட்டு நினைக்கறதுதான. தொடாமப் போங்க. நினைப்புல வெடிக்கவா போகுது?"

"நினைப்புல வெடிச்சா மட்டும் சும்மாவா?" என்றார் பேச்சியம்மாள், கண்ணைத் திறக்காமலே. "உள்ள நான் மட்டுமா இருக்கேன்? எங்கூட மூணு பேரு உக்காந்திருக்காக."

சவரியம்மாள் மடித்த துணியைக் கீழே வைத்தார். அவருக்கும் அந்தப் பக்கத்தில், பட்டாசு வேலைக்குப் போகிற சொந்தங்கள் உண்டு.

சார் நெடுநேரம் அந்த மடங்கிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நாம தப்பான இடத்துல தொடங்கிட்டோம் போல. தகட்டுல என்ன செய்யணும்?" என்றார்.

"விரிக்கணும்" என்றேன். சொல்லும்போதே எனக்கும் புரிந்தது. பக்கவாதக் கையில் பிடிப்பது பல சமயம் தானாகவே திரும்பி வரும். பிடித்ததை விடுவதும் விரலை விரிப்பதும்தான் லேசில் வராது. சரம் பின்னுவது முழுக்கப் பிடிக்கிற வேலை. சோற்றை அள்ளுவதற்கோ முதலில் கை விரிய வேண்டும். பேச்சியம்மாளுக்கு வேண்டிய பயிற்சி அவர் தயங்கி நின்ற அந்த வாசலிலேயே இருந்தது.

அன்று மாலை பஜாரில் ஒரு பாத்திரக்கடையில் செம்புத் தகடு வெட்டி வாங்கினேன். மருத்துவமனைத் தச்சர் அதைப் பலகையில் அறைந்து, எங்கள் அறை வாசலில் பேச்சியம்மாளின் உயரத்துக்குப் பொருத்திக் கொடுத்தார். மறுநாள் அவர் அதைப் பார்த்துவிட்டுச் சார் முகத்தைப் பார்த்தார். முந்தானையால் தகட்டை ஒரு தரம் துடைத்தார்.

இனிமேல் காட்சியில் சரமும் கிடையாது, பின்னலும் கிடையாது. வாசல், தகடு, அவ்வளவே. முதலில் இடது கையைத் தகட்டில் வைத்து அதன் குளிர்ச்சியைக் கவனிக்கச் சொன்னோம். அதே குளிர்ச்சி வலது உள்ளங்கையில் ஏறுவதாகக் கண்ணை மூடி நினைக்க வேண்டும். பிறகு நான் அவர் மணிக்கட்டைத் தாங்கி, கட்டைவிரலை வெளியே எடுத்து, மற்ற விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தகட்டில் விரித்து வைப்பேன். அவசரப்பட்டு இழுத்தால் கை எதிர்த்து இறுகும். மெல்லப் பாரம் கொடுத்தால் விட்டுக்கொடுக்கும்.

"எப்படி இருக்கு?"

"பலகை மாதிரி இருக்கு."

பல நாள் பலகையாகவே இருந்தது. இதற்குள் தகட்டுக்கு ஒரு மவுசு வந்துவிட்டது. உள்ளே வரும் நோயாளிகள் எல்லாரும் தொட்டுவிட்டு வந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். சனிக்கிழமைதோறும் புளி போட்டு அதைத் தேய்க்கும் சவரியம்மாளுக்குக் கோபம். "ஏலே, யாருலே இது? இது சாமி இல்லலே, தகடு" என்று வரிசையில் நின்றவர்களை எல்லாம் ஒரு பிடி பிடித்தார்.

"விடுங்க மதினி, உங்க மாதாவுக்கும் ஒரு தகடு வச்சிருவோம்" என்றார் பேச்சியம்மாள். அவர் அங்கே சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

புரட்டாசியில், முதல் மழை பெய்த மறுநாள் காலை, விரல்களைத் தகட்டில் விரித்து வைத்தபோது, "சில்லுன்னு இருக்கு" என்றார். நான் மெல்ல என் கையை எடுத்தேன். அவர் விரல்கள் உடனே மடங்கவில்லை. வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக் கடந்து போகும்வரை விரிந்தபடியே நின்று, பிறகுதான் ஒவ்வொன்றாக உள்ளே போயின. பேச்சியம்மாள் கண்ணை மூடியே இருந்தார். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. சார் எழுந்து போய் மின்விசிறியைப் போட்டார்.

அன்றுதான் நினைப்பில் அறைக்குள் போனாராம். உள்ளே என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "சும்மா உக்காந்திருந்தேன். அவுக மூணு பேரும் பின்னிக்கிட்டு இருந்தாக" என்றார்.

அங்கிருந்து சோற்றுக்கு வந்தோம். ஐப்பசி முழுக்கப் பொரி, கார்த்திகையில் உதிரியாக வடித்த சோறு. இலையில் கையை விரிப்பது, விரல்களைக் கூட்டுவது, கட்டைவிரலால் தள்ளுவது என்று ஒவ்வொன்றும் முதலில் கண்ணை மூடி, பிறகு நிஜத்தில். மார்கழியில் கல்யாண வேலைகள் நெருங்கவும் அவருக்கு அவசரம் வந்துவிட்டது. வீட்டில் விடாமல் பயிற்சி செய்து கையை முறுக்கேற்றிக்கொண்டு வந்தார். விரல்கள் பழையபடி இறுகிக் கிடந்தன. முத்துலட்சுமி வாசலுக்கு வெளியே நின்று அழுதாள். சார் கோபிக்கவில்லை. "கைக்கு லீவு குடுங்க. நினைப்பு மட்டும் வேலைக்குப் போகட்டும்" என்றார். ஒரு வாரம் வெறும் தகடுதான், அதுவும் கண்ணை மூடி. பொங்கலுக்கு முன்னால் கை பழையபடி இளகிக் கொடுத்தது. முழுக்க அல்ல. சுண்டுவிரலும் மோதிரவிரலும் பாதிதான் விரிந்தன. குழம்பு விட்டுப் பிசைந்த சோற்றில் நாலு வாய்க்கு ஒரு வாய் நழுவியது. இதற்கு மேல் எங்களிடம் ஒன்றும் இல்லை.

மறுவீட்டு விருந்துக்கு எங்கள் எல்லாரையும் அழைத்தார்கள். சார் வரமாட்டேன் என்றுவிட்டார். "என்னப் பார்த்தா பரீட்சை எழுதுற மாதிரி சாப்பிடுவாங்க. நீ போ. ஆனா அவங்க கண்ணுல படாம உக்காரு" என்று சொல்லியனுப்பினார். பந்தியில் பேச்சியம்மாளுக்கு அடுத்து சம்பந்தியம்மா இருந்தார், நான் அவருக்கு அந்தப் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன். நல்ல வாட்டசாட்டமான பெண்மணி. அவரும் திருத்தங்கல் பக்கம் ஒரு கம்பெனியில் மத்தாப்பு அறையில் வேலை பார்ப்பவர் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். சவரியம்மாள் எதிர்வரிசையில் இருந்தார். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன, ஜெபமாக இருக்கலாம்.

சோறு விழுந்தது. சாம்பார் வந்தது. எல்லாரும் கை வைத்தார்கள். பேச்சியம்மாள் மட்டும் வைக்கவில்லை. வலது கை மடியில் மடங்கிக் கிடந்தது. கண்ணை மூடினார். பிறகு அந்தக் கையை மெல்ல எடுத்து, இலையின் ஓரத்தில் வெற்றிடமாக இருந்த பச்சையில் உள்ளங்கையைக் கவிழ்த்தார். விரல்கள் ஒவ்வொன்றாக நீண்டன. கடைசி இரண்டும் பாதியில் நின்றன. அப்படியே வைத்திருந்தார்.

சம்பந்தியம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "என்ன மதினி, சாமி கும்பிடுதீகளா?"

"இல்ல மதினி" என்றார் பேச்சியம்மாள். "கையி கொஞ்சம் சரியில்ல. தகடு தொட்டாத்தான் வேலைக்கு வருது."

சம்பந்தியம்மா அந்தக் கையைப் பார்த்தார். பாதி விரிந்த விரல்களைப் பார்த்தார். நான் என் இலையில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"தொட்டாச்சா?" என்று கேட்டார் சம்பந்தியம்மா.

"தொட்டாச்சு."

"பெறகென்ன, உள்ள வாங்க" என்று சொல்லி, நெய்க் கிண்ணத்தைப் பேச்சியம்மாளின் இலைப் பக்கமாகத் தள்ளி வைத்தார்.